படம் காட்டாத துணி

ஆடை வரலாற்றைப் படங்களோடு கூறும் நூல்கள் மேல்நாட்டில் பல உண்டு. வெனிஸ் நகரில் 1590-இல் செசாரே வெச்செல்லியோ வெளியிட்ட மரச்செதுக்குப் பட நூல் மூத்தவற்றுள் ஒன்று. பெரும்புகழ் பெற்றதோ, பாரிஸில் ஆகுஸ்த் ராசினே 1876 முதல் 1888 வரை வெளியிட்ட ஆடை வரலாறு. ஆறு தொகுதிகள், 500 படத்தாள்கள். வண்ணக் கல்லச்சின் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் துணி விற்றே நரைத்த என் கண்ணுக்கு ஒரு குறை தட்டுப்படுகிறது. உடுப்பின் வடிவம் தெரிகிறது, துணி தெரியவில்லை. எந்த ஊர் நெசவு, எத்தனை முழம், என்ன எடை, என்ன விலை? கடைக்கு வரும் அம்மாக்கள் கேட்பதெல்லாம் இதுதானே! வெட்டித் தைத்த உடைக்கு வடிவமே வரலாறு. நம் வேட்டி, சேலை, தலைப்பாகை அப்படியல்ல. தறியிலிருந்து இறங்கியதுமே அவை ஆடை. கரையும் முந்தியும் நீள அகலமும்தான் அவற்றின் வரலாறு.

இதைப் புரிந்துகொண்டவர் லண்டன் இந்திய மியூசியத்தில் இருந்த ஃபோர்ப்ஸ் வாட்சன். 1866-இல் அவர் தொகுத்த 18 தொகுதிகளில் படத்துக்குப் பதில் துணியையே வெட்டி ஒட்டினார். மொத்தம் 700 மாதிரிகள். சென்னை மாகாணத் துணிகளும் உண்டு. ஊர், நீளம், அகலம், எடை, விலை எல்லாம் குறித்தார். உடுத்தும் முறையைத் தனி நூலில் படங்களோடு விளக்கினார். அறிவு நூல் என்ற முறையில் இதற்கே முதலிடம் தருவேன்.

ஆனால் எதற்காகச் செய்தார்? தயாரித்த 20 பிரதிகளில் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் போயின. நமக்குப் பிடித்த துணியை அந்நாட்டு ஆலைக்காரர்கள் பார்த்து, அதேபோல் நெய்து நமக்கே விற்கட்டும் என்பது முக்கிய நோக்கம். நம் துணியை மிக நுணுக்கமாகப் பதிந்த நூல், நம் நெசவாளியின் பிழைப்புக்கே போட்டியாக வந்தது. விலை எழுதிய அந்த நூல், நெய்தவர் பெயரை எழுதவில்லை.

ஆகவே அன்பர்களே, இத்தகைய நூலைப் புரட்டும்போது, யாருக்காகத் தொகுத்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அப்படியே, ஊரைவிட்டு வந்த நம் வீடுகளில் பீரோவுக்குள் பாட்டி சேலை இருக்குமே, அதோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: எந்த ஊர்த் தறி, என்ன விலை, யார் கட்டியது, எந்த விசேஷத்துக்கு என்று. சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அந்தச் சீட்டு நம் பேரப்பிள்ளைகளுக்காக நாமே எழுதும் ஆடை வரலாறு.