இயற்கை முறையில் விளைந்த ஸ்ட்ராபெர்ரி அழுகாதா?

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி, மேற்கே சண்முகம் சாலைக் கடைகளின் பக்கம் மார்கழி, தை மாதங்களில் சென்று பாருங்கள். மாதுளைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே, சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் கண்ணைப் பறிக்கும். ஆசையோடு வாங்கி வந்து மறுநாள் திறந்தால், மேலடுக்கு சிவப்பாகவே இருக்கும். அடியில் உள்ளவையோ நீர்விட்டு, சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து கிடக்கும். "ரசாயன உரம் போட்டு வளர்த்தது, அதனால்தான். இயற்கை முறையில் விளைந்ததாக இருந்தால் கெட்டிருக்காது" என்று யாராவது சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் நாமும் அடுத்த முறை கூடுதல் விலை கொடுத்து, 'இயற்கை' முத்திரையுள்ள பெட்டியை வாங்குகிறோம். இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு என்று சற்று ஆராய்ந்து பார்ப்போமா?

முதலில் பழத்தின் அமைப்பைக் கவனிப்போம். நாம் உண்ணும் சிவந்த சதை, பூவின் அடித்தளம் பருத்து உருவானது. அதன்மேல் விதைகள்போல் பதிந்திருப்பவையே தாவரவியலின்படி கனிகள். மாம்பழத்திற்கும் வாழைப்பழத்திற்கும் உள்ளதுபோல் காப்பான தோல் இதற்கு இல்லை. மேலும், காயாகப் பறித்துப் பழுக்க வைக்கவும் இயலாது. பறித்தபின் இதன் இனிப்பு கூடுவதில்லை. எனவே நன்றாகப் பழுத்த நிலையில், அதாவது மிக மென்மையாக இருக்கும் நிலையில்தான் பறித்தாக வேண்டும்.

வளர்க்கும் முறை இப்பழத்தின் ஆயுளைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் இலைகள் அடர்ந்து, உள்ளே காற்றோட்டம் குறையும்; பழமும் இளகிப் போகும். சுண்ணாம்புச் சத்து போதுமானதாக இருந்தால் செல் சுவர்கள் உறுதிப்படும். மண்ணின்மீது பிளாஸ்டிக் தாளோ வைக்கோலோ பரப்பினால் பழம் ஈரமண்ணில் படாது. மேலிருந்து நீர் தெளிப்பதைவிட, வேரடியில் சொட்டுநீர் விடுவது பூக்களை நனைக்காமல் காக்கும். இது மிக முக்கியம். ஏனெனில் சாம்பல் பூஞ்சையான 'பாட்ரைடிஸ்' பூவிலேயே நுழைந்து, பழம் கனியும்வரை மறைந்திருக்கும். உங்கள் வீட்டில் தெரியும் அழுகல், பல வாரங்களுக்கு முன் தோட்டத்திலேயே குடியேறியது என்று பொருள்.

ஆனால் இவற்றுள் எதுவும் 'இயற்கை', 'ரசாயனம்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். மட்கிய எருவையும் அளவு மீறி இடலாம். ரசாயன உரத்தையும் அளவறிந்து இடலாம்.

இயற்கை முறையை ஆதரிப்பவர்கள் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரெகனால்டும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவில் 13 இணைத் தோட்டங்களை இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டு, 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். இயற்கை முறைப் பழங்களில் வைட்டமின் சி சுமார் 10 சதவிகிதம் கூடுதல், திடப்பொருளும் கூடுதல், அவை கெடாமல் இருந்த காலமும் அதிகம். ஆனால் பாஸ்பரசும் பொட்டாசியமும் குறைவு. சுவை பார்த்தவர்கள் இயற்கைப் பழத்தை மேலானது என்றது மூன்று ரகங்களில் ஒன்றுக்கு மட்டுமே.

ஒரே வகைச் சூழலில், ஒரே ரகங்களை இணையிணையாக ஒப்பிட்டது இந்த ஆராய்ச்சியின் பலம். இதன் குறையையும் சொல்ல வேண்டும். உரம், பூச்சிமருந்து, மண்ணைப் புகையிட்டுத் தூய்மை செய்தல் என்று பல வேறுபாடுகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், பலன் எதனால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது, பழத்தின் ஆயுளில் கண்ட வேறுபாடு ஒரு நாளுக்கும் குறைவு என்பது. விளம்பரங்கள் 'அதிக நாள் கெடாது' என்ற சொல்லை எடுத்துக்கொள்கின்றன, அளவை விட்டுவிடுகின்றன.

அந்த அளவு நம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? இந்தியாவின் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வர், பஞ்சகனி வட்டாரத்தில் விளைகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓரளவு பயிராகிறது. மகாபலேஷ்வர் பழம் தாம்பரத்தை அடைய ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பறித்த பழம் உயிருள்ளது, அது சுவாசிக்கிறது. 0 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 20 டிகிரியில் அதன் சுவாசம் ஏறத்தாழ எட்டு மடங்கு விரைவு. பறித்த ஒரு மணி நேரத்திற்குள் குளிரூட்டி, 0 டிகிரியிலேயே வைத்திருந்தால் சுமார் ஒரு வாரம் தாங்கும். 20 டிகிரியில் ஓரிரு நாட்கள்தான். நம் புறநகரிலோ, மார்கழி நண்பகலிலும் வெப்பம் 28 டிகிரியைத் தொடும். வண்டியிலிருந்து இறக்கி நடைபாதையில் வைத்த அரைநாளிலேயே, தோட்டத்தில் தேடிய ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும்.

இயற்கை வேளாண்மை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அதே ஆராய்ச்சி இயற்கைத் தோட்டங்களின் மண்ணில் கரிமச் சத்தும் நுண்ணுயிர்களும் மிகுந்திருப்பதைக் காட்டியது; மண்ணுக்காக அதை ஆதரிக்கலாம். ஆனால் 'கெடாது' என்று சொல்லி விற்பது விஞ்ஞானம் ஆகாது. வாங்குபவருக்கு உண்மையில் உதவக்கூடியவை இரண்டு செய்திகள்: பறித்த நாள் எது, வழியில் குளிரில் வைக்கப்பட்டதா என்பவை. இவற்றைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்களே ஒரு சோதனையும் செய்யலாம். ஒரே பெட்டியிலுள்ள நல்ல பழங்களைக் கழுவாமல் இரண்டு பங்காக்குங்கள். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் மற்றொன்றை மேசைமீதும் வையுங்கள். நாள்தோறும் அழுகியவற்றை எண்ணிக் குறித்து வாருங்கள். ஒரே தோட்டம், ஒரே உரம், ஒரே நாளில் பறித்த பழம். அப்படியிருந்தும் இரண்டு பங்குக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லும். முத்திரைக்காகக் கொடுத்த கூடுதல் விலையை அதன்பிறகு எடை போட்டுப் பாருங்கள்.