நாம் இருவர், நமக்கு இருவர்: ஒரு சுவர் வாசகத்தின் திறனாய்வு

திறனாய்வுக்கு உரியது நூலாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. மருத்துவமனைச் சுவர்களிலும் பேருந்துகளின் பின்புறத்திலும் சிவப்பு முக்கோணத்தின் அருகே எழுதப்பட்டிருந்த நான்கு சொற்களைப் பள்ளி செல்லாதவரும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்னும் அவ்வாசகம் ஒரு தலைமுறையின் இல்லற அறமாகவே விளங்கிற்று. அதனை ஒரு பிரதியாக எடுத்து, பேசுபவர் யார், பேசப்படுபவர் யார், விடுபட்டவர் யார் என ஆராய்வது ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்க்கும் பயன் தரும் என எண்ணுகிறோம்.

முதலில் அதன் நலத்தைக் கூறிவிடுவோம். அவ்வாசகம் கட்டளையிடவில்லை, கணவனும் மனைவியும் கூடி முடிவெடுப்பது போன்று, தன்மைப் பன்மையில் பேசுகிறது. தமிழகத்தில் பிறப்பு விகிதம் முற்படத் தாழ்ந்த பகுதிகளுள் கொங்கு நாடும் ஒன்று. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் கோபிசெட்டிபாளையத்து வயல்களைப் பல கூறாகப் பங்கிட எந்தக் குடியானவரும் விரும்பார். பிள்ளைகளின் படிப்புச் செலவும், மகளுக்குப் போட வேண்டிய நகையும் அவ்விருப்பத்திற்குத் துணை நின்றன. ஓயாப் பிள்ளைப்பேற்றினின்று தாய்மார் விடுபட்டனர். இது இறைவன் தந்த நன்மையே. இதனைக் குறைத்துக் கூறுவது நன்றியின்மையாகும்.

எனினும், "நாம்" என்று உண்மையில் பேசியவர் யார்? 1952இல் உலகிலேயே முதலாவதாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது இந்திய அரசு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி, மூன்று பிள்ளைகளைப் பெற்ற பின்னரும் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை எனத் தம் அறிக்கையில் வகைப்படுத்தினார். பின்னர் அவரே சென்னை மாநிலத் தலைமைச் செயலராகி, அறுவை செய்துகொள்வோர்க்குப் பணம் வழங்கும் முறைக்கு ஊக்கமளித்தார். எண்ணியவரே குறைக்கவும் முற்பட்டார். குறையோ தந்தையின் பெயரிலன்றித் தாய்மையின் பெயரிலேயே எழுதப்பட்டது.

மக்களை எண்ணுவதைத் திருமறை விலக்கவில்லை. எண்ணாகமமே அதற்குச் சான்று. ஆனால் தாவீது தன் வலிமையை அளந்தறிய மக்களைத் தொகையிட்டபோது, யோவாப் போன்ற கரடுமுரடான போர்வீரனும் அதிலுள்ள தீங்கை உணர்ந்தான். எகிப்திலோ பார்வோன் ஓரினத்தின் பெருக்கத்திற்கு அஞ்சி, பிரசவ அறைக்குள்ளேயே தன் ஆணையை அனுப்பினான். சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் அதனை நிறைவேற்றவில்லை. மன்னனின் பெயரைக் கூறாத யாத்திராகமம், அவ்விருவர் பெயரையும் காத்துவைத்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

அவசரநிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வடமாநிலங்களில் வற்புறுத்தல் மிகுந்திருந்தது. அதன் விளைவாக எழுந்த சினத்தைக் கண்டு அஞ்சிய அரசுகள் பின்னர்ப் பெண்களை நோக்கித் திரும்பின. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவையைச் சார்ந்திருக்க, கணவர் அறுவை செய்துகொண்டோர் 0.3 விழுக்காடே. எளிய சிகிச்சை ஆணுக்குரியதே என்பது மருத்துவம் அறிந்த உண்மை. முடிவெடுத்தவர் இருவர், கத்திக்குக் கீழே படுத்தவர் ஒருத்தி. 2014 நவம்பரில் சத்தீசுகர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்கள் அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். இத்தகைய முகாம்களை நிறுத்துமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இனி, "நமக்கு இருவர்" என்பதில் அவ்விருவர் யாவர்? வாசகம் கூறவில்லை. எண்ணிக்கை சுருங்கியும் மகன் வேண்டும் என்னும் ஆசை சுருங்காதபோது, நெருக்கடி பெண்மகவின் மேல் விழுந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியதும் இதன் சாட்சிகள். இன்று கொங்கு நாட்டு உழவர் குடும்பத்து இளைஞர் மணமகள் தேடிப் பாலக்காட்டுக்குச் செல்லும் நிலையும் இதனோடு தொடர்பற்றதன்று.

இதே மண்ணில் வேறொரு குரலும் ஒலித்ததை மறைப்பதற்கில்லை. ஈரோட்டுப் பெரியார், நாட்டின் வறுமைக்காகவோ தாயின் உடல்நலத்திற்காகவோ மட்டுமன்றி, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என 1930களிலேயே வாதிட்டார். கடவுளைப் பற்றிய அவர் கொள்கையோடு நாம் உடன்படோம். எனினும், அரசின் வாசகம் கேட்கத் தவறிய வினாவை அவர் கேட்டார் என ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

இப்பொழுது சுவரெழுத்து மாறுகிறது. தமிழகத்தின் கருவள விகிதம் மேற்கூறிய ஆய்வில் 1.8 எனத் தாழ்ந்திருந்தது. 1976இல் 42ஆம் திருத்தத்தால் 1971ஆம் ஆண்டுக் கணக்கோடு நிறுத்தப்பட்ட மக்களவை இடங்கள் மீண்டும் தொகையைக் கொண்டு வகுக்கப்படின் நம் மாநிலம் இழப்புறும் என்னும் அச்சம் எழுந்தது. 2024 அக்டோபரிலும் 2025 மார்ச்சிலும் திருமண மேடைகளிலேயே அந்நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் குழந்தைப்பேற்றை இவ்வச்சத்தோடு இணைத்துப் பேசினார். கொள்கைக்குக் கீழ்ப்படிந்த மாநிலம் அதனாலேயே தண்டிக்கப்படலாகாது என்னும் முறையீடு நியாயமானது. அதற்குரிய விடையை நாடாளுமன்றத்தில் தேட வேண்டும், கருப்பையில் தேடலாகாது. குறையப் பெறுக என்றாலும், நிறையப் பெறுக என்றாலும், பிள்ளையை அரசின் கணக்கிற்குள் வைக்கும் பிழை ஒன்றே.

திருச்சபையின் மொழி இதனினும் தூயது என்று கூற இயலுமா? 1930ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு சில வரையறைகளோடு கருத்தடைக்கு இடமளித்தது முதல் சீர்திருத்தச் சபைகள் பல இதனை மனச்சான்றின் பொறுப்பாக விட்டன. ஆனால் மனச்சான்றுக்குப் பயிற்சி அளிக்கும் பணியை நம் பிரசங்க மேடைகள் செய்தனவா? ஆண்மகவு கேட்டு வேண்டச் சொல்லும் குடும்பத்தாருக்கு நாம் சொல்லும் மறுமொழி யாது? அன்னாள் எந்த வாசகத்திலும் இடம்பெறாதவள், இருவருமில்லை, பதினாறுமில்லை. பெனின்னாளின் ஏளனத்தையும் ஏலியின் கடிந்துரையையும் அவள் தாங்கினாள். நம் சபைகளில் பிள்ளையற்ற சகோதரிகள் அவற்றை இன்றும் தாங்குகின்றனர்.

ஆகவே, திருமணத்திற்கு முந்திய ஆலோசனையில் மணமகனையும் மணமகளையும் ஒருங்கே அமர்த்தி, கருத்தடையின் பொறுப்பு கணவனுக்கும் உரியது என வெளிப்படையாக எடுத்துரைப்பது ஆயரின் கடமை. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில், முதல் மகன் பிறந்த வீட்டில் போலவே மகிழ்ச்சியோடு ஞானஸ்நானம் கொடுப்போமாக. "நாம் இருவர்" என்னும் சொல் மெய்யாவதற்குச் சுவரும் வண்ணமும் போதா. இருவரும் மெய்யாகவே பேச இடமளிக்கும் வீடும், அதனைக் கற்பிக்கும் சபையும் வேண்டும்.