பகையளவும் போர்ச்சுவையும்

வீரம் தனித்து நில்லாது. எதிர்நிற்கும் பகையின் அளவே அதன் அளவாகும். எளியானை வென்றவனை எவரும் வீரனெனப் போற்றார். வெல்லவே இயலாத பகைமுன் விழுந்தவனுக்கு நடுகல் உண்டு. ஆயின் அவன் போரைக் கேட்போர் மனம் ஊசலாடுதற்கு அங்கு இடமில்லை. ஆகவே, பகைவனை எத்துணை வலியனாகப் படைத்தல் வேண்டும் என்னும் வினா போர்க்கதை புனைவோர் யாவர்க்கும் பொதுவாகின்றது. காப்பியப் புலவர் இதனை ஏட்டில் எதிர்கொண்டனர். இக்காலத்து மேசைக் கதையாட்டம் ஆடுவோர் பகடையோடு எதிர்கொள்கின்றனர்.

மேசைக் கதையாட்டம் என்பது நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, தத்தமக்கென ஒரு கதைமாந்தரை மேற்கொண்டு ஆடுவது. ஒருவர் நடத்துநராய் அமர்ந்து நாடும் காடும் அரக்கரும் படைத்து முன்வைப்பார். ஏனையோர் தம் மாந்தர் செய்வதைச் சொல்வர். ஐயப்பாடுடைய செயலின் முடிவைப் பகடை தீர்க்கும். 1974ஆம் ஆண்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கத்தில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டத்துக்கு வழிகாட்டிய நூலாகும். இதில் நடத்துநரின் ஆற்றலுக்கு எல்லையில்லை. அவர் நினைத்தால் ஒரு நொடியில் யாவரையும் வீழ்த்தலாம். அதனாலேயே அளவறிந்து பகை அமைத்தல் அவரது முதற்கடமையாகின்றது.

அவ்வளவை எண்ணாற் காண விதிநூலார் பெரிதும் முயன்றனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு வலியெண் வகுத்தது. நால்வர் கொண்ட குழுவின் படிநிலையோடு ஒத்த பகை, அக்குழுவின் உயிர்வலி, மந்திரம் முதலியவற்றில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைச் செலவிடச் செய்யும் என்பது அதன் கணிப்பு. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு, போர்களை எளியது, நடுத்தரமானது, கடியது, உயிர்க்கிறுதியாவது என நான்காக வகுத்து, பகைவர் தொகை மிகுந்துழிப் பெருக்கெண் ஒன்றையும் கூட்டியது. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்த நூலில் தரங்கள் மூன்றாகக் குறைந்தன, பெருக்கெண் கைவிடப்பட்டது. கணக்கு இங்ஙனம் மீண்டும் மீண்டும் மாற்றப்படுதல், போரின் சமநிலை கணக்கினுள் முற்றும் அடங்காது என்பதையே காட்டுகின்றது.

சமநிலை வேறு, சமவலி வேறு. நம் முன்னோர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆடு வெட்டாது, வழியடைக்கும். இருபாலும் எவ்வாற்றானும் ஒத்தில்லை. எனினும் ஆட்டம் ஒத்தே நடைபெறுகின்றது. ஆகவே நாடவேண்டியது இருபுறத்து வலியின் ஒப்பன்று. முடிவு எதுவாகும் என்னும் ஐயம் எங்கே நிலைபெறுகின்றது என்பதேயாம்.

இதனை ஆராய யாழ்ப்பாணத்தார்க்குக் கந்தபுராணத்தினும் ஏற்ற நூல் பிறிதில்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியர் அருளிய அந்நூல், ஒருவர் வாசிக்க ஒருவர் பயன்சொல்லும் புராணபடன முறையால் இக்குடாநாட்டுக் கோயில்களிலே தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருவது. இந்நாட்டார் வாழ்வினைக் 'கந்தபுராண கலாசாரம்' எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறித்ததும் இதுபற்றியே. கந்தசட்டியில் நிகழும் சூரன்போரில், தலை மாறி மாறி வரும் அசுரனை எதிர்பார்த்து நிற்கும் சிறுவரும் முடிவை முன்னரே அறிவர்.

ஈண்டு ஒரு தடை எழும். முருகன் முழுமுதற் பொருள், அவன் தோற்றலில்லை. தோலாதான் செய்யும் போரில் ஐயத்துக்கு இடமேது? ஐயமில்வழிச் சுவையேது? மேசைக் கதையாட்டத்தில் எல்லையற்ற ஆற்றலுடைய நடத்துநர்க்கு நேரும் இடர்ப்பாடும் இதுவே.

கச்சியப்பர் இத்தடையைத் தீர்த்த திறம் கருதத்தக்கது. அவர் போரின் முன்னணியில் வீரவாகு தேவரை நிறுத்தினார். முருகன் தோலான், வீரவாகுவோ தோற்கவுங் கூடும், மயங்கி வீழவுங் கூடும். தாரகன் வதையிலேயே இது தொடங்குகின்றது. தாரகனைத் தொடர்ந்து கிரவுஞ்ச மலையினுட் புக்க வீரவாகுவும் சேனையும் அம்மலையின் மாயத்தில் அறிவழிந்து கிடக்க, வேல் வந்தே மலையையும் அசுரனையும் பிளக்கின்றது. யுத்தகாண்டத்து முதனாட் போரில் பானுகோபன் விடுத்த மோகப்படையால் வீரவாகு முதலியோர் மயங்குகின்றனர். முருகன் அமோகப்படை விடுத்து அவர்களை எழுப்புகின்றான். மூன்றாம் நாளில் அவ்வசுரன் மாயையிடம் பெற்ற மாயப்படை அவர்களைக் கடலிலே கொண்டுபோய் இடுகின்றது. வேலே சென்று மீட்கின்றது.

மும்முறை மீட்கப்பட்ட வீரனின் வெற்றி அவனுடையதாகுமா எனக் கேட்கலாம். மேசையாட்டத்திலும் இதுவே பெரும்பிழையாக நேர்வது: ஆடுவோர் தோற்குந் தறுவாயில் நடத்துநர் பெருவீரன் ஒருவனை அனுப்பிப் பகைவனைக் கொல்வித்து விடுவார்; ஆடுவோர் பிழைப்பர், ஆட்டம் இறக்கும். யுத்தகாண்டமோ அவ்வழிச் செல்லவில்லை. அமோகப்படை பானுகோபனைக் கொல்லவில்லை, மயங்கினோரை எழுப்பியது. கடலிடைச் சென்ற வேலும் அவனைத் தேடிச் செல்லவில்லை. வீழ்ந்தோரை மீண்டும் களத்தில் நிறுத்தியது. இறுதியிற் பானுகோபனை வீழ்த்துபவர் வீரவாகுவே. தாரகனிடத்து வேல் வென்றது; பானுகோபனிடத்து வேல் வெல்லற்கு வாய்ப்பளித்தது. அருள் களத்தைத் திறந்து வைக்கும், கடமையைப் பறித்துக்கொள்ளாது என்னும் நெறி இதனுட் பொதிந்துள்ளது. மீட்பு வரலாம், அது வெற்றியைக் கொடுத்துவிடலாகாது என்பது நடத்துநர் கொள்ளத்தக்க முதல் விதியாகும்.

பகைவரின் வேற்றுமையும் நோக்கற்பாலது. சூரபன்மனின் புதல்வர் மூவாயிரரை வெட்ட வெட்ட எழுகின்றனர். ஒருங்கே மாண்டாலன்றி அவர் மாளார். இது வலியால் தீரும் பகையன்று, வழியறிந்தாற் தீர்வது. மூன்றாம் பதிப்பின் திருத்தமாக 2003ஆம் ஆண்டில் வந்த நடத்துநர் நூலும், நூறு போரில் இருபது இத்தகையவாக, முறையறிந்தார்க்கு எளியனவாக அமைதல் வேண்டும் என்கின்றது. ஐந்து போர் வெல்லற்கரிய பகையோடு நிகழ்தல் வேண்டும் எனவும் கூறுகின்றது. அவ்வரிய பகையை உலகம் முன்னரே கண்டஞ்சுதல் வேண்டும் என்பதைப் புராணம் அறியும். சூரபன்மன் இறுதியில் மட்டும் தோன்றுபவன் அல்லன். இரண்டாம் நாளிலேயே களம்புகுந்து, தன் வலி இன்னதெனக் காட்டித் தோற்று நகர்க்கு மீள்கின்றான்.

தனியொரு பகைவன் பலரை எதிர்க்குமிடத்து வேறொரு குறை தோன்றும். ஐவர் ஐந்து முறை தாக்க, அவன் ஒருமுறையே தாக்குவான். எத்துணை வலியனாயினும் விரைவில் வீழ்வான். ஐந்தாம் பதிப்பினர் இதற்கு மாற்றாக, பெரும்பகைவன் பிறர் முறைகளுக்கு இடையிலும் தாக்கலாம் என வகுத்தனர். சிங்கமுகனுக்கு ஆயிரந் தலையும் இரண்டாயிரங் கையும் புராணம் கூறுதல் அச்சந் தருதற்கு மட்டுமன்று. ஒருவனே ஒரு சேனைக்கு ஈடாகி நிற்றற்குமாம். தேவரைச் சிறைவிடுக எனத் தமையனுக்கு அறங்கூறியவனும் அவனே. ஆதலின் அவன் வீழ்ச்சியில் வலிமையின் அருமையோடு இரக்கத்தின் அருமையுங் கலந்துள்ளது. எந்த வலியெண்ணும் இதனை அளவாது.

யுத்தகாண்டத்திற் குறையே இல்லை என்றல் பொருந்தாது. ஒரு படைக்கு மறுபடை, அதற்கு மறுபடை என அடுக்கிச் செல்லுமிடங்கள் சில, பயன்சொல்வார் திறத்தாலன்றிக் கேட்போர் உள்ளத்தை நிறுத்த மாட்டா. முடிவு மாறாத மோதல் நீண்டுகொண்டே செல்லுதல் மேசையாட்டத்திலும் இதே சலிப்பைத் தருவதாகும்.

ஆயினும் சூரபன்மன் வதையில் அக்குறை நீங்குகின்றது. வலியாற் சூரன் முருகனுக்கு நிகரல்லன். இங்கு ஐயம் முழுதும் அவன் உள்ளத்தின்பாற் சென்று நிற்கின்றது. பெருவடிவங் கண்டு ஒரு கணம் தெளிந்தவன், அவ்வடிவம் மறைந்ததும் மீண்டும் பகைகொள்கின்றான். கடலிடை மாமரமாய் நிற்கின்றான். பிளவுண்டு மயிலும் சேவலுமாய் ஆட்கொள்ளப்படுகின்றான். வெல்லுதற்கு அரிதாய் நின்றது அவன் மார்பன்று, ஆணவமே. தாரகன் முதல் சூரன் ஈறாகப் பகை வளர்ந்தது தொகையால் மட்டுமன்று, தன்மையாலுமாம். பகையின் அளவை அதன் உயிர்வலியைக் கொண்டு கணிப்பவர் போரை ஒருவாறு ஒழுங்குசெய்வர். அப்பகை எதனைக் கேட்டு நிற்கின்றது என்பதைக் கொண்டு கணிப்பவரே அதனைக் கதையாக்குவர்.