என்ஜாய் எஞ்சாமி: சொல்லும் ஒலியும் குறித்த விவாதம்

'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியான தனியிசைப் பாடல். தீ, அறிவு ஆகியோர் பாடினர். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். ராப்பும் ஒப்பாரியும் கலந்த இப்பாடல் கொண்டாட்டமா, புலம்பலா என்று ரசிகர்களிடையே விவாதம் எழுந்தது.

பின்னணி

அறிவு, கானா, ராக், ராப் ஆகியவற்றை இணைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாடகர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மரபில் வந்தவர். புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் வட்டாரங்களிலிருந்து நிலமற்ற மக்கள் கங்காணிகள் வழியாக அத்தோட்டங்களுக்குச் சென்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. தோட்டம் வளர்த்தும் தொண்டை நனையாதவரின் குரல் பாடலில் ஒலிப்பது இவ்வரலாற்றால்தான்.

'எஞ்சாமி' என்னும் சொல்

'என் சாமி' என்பதைச் சேர்த்துச் சொல்லும்போது னகரம் ஞகரமாகிறது. அதையடுத்த சகரம் 'நெஞ்சு', 'பஞ்சு' என்பவற்றில் போல மென்மையாக ஒலிக்கிறது. எழுத்தில் புதிதாகத் தோன்றினாலும் பேச்சில் இது பழைய சொல்லே.

பொருளில்தான் கருத்து வேறுபாடு. பண்ணையாரைக் கூலியாள் 'சாமி' என்று அழைத்ததன் எச்சம் என்பர் ஒரு சாரார். பேரனைப் பாட்டி கொஞ்சும் விளி என்பர் மற்றொரு சாரார். புதுக்கோட்டைச் சிற்றூர்களில் இரண்டு வழக்கும் உண்டு. பணிந்து சொன்ன அதே வாய்தான் வீட்டில் கொஞ்சியும் சொன்னது. ஒரு பொருளை மட்டும் கொண்டால் பாடலின் பாதி போய்விடும்.

'குக்கூ' என்னும் ஒலி

இதைக் குழந்தைகளுக்கான வெறும் பறவை ஒலி என்று கொள்வோர் உண்டு. குறுந்தொகையின் 157ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் சேவல் கூவுதலை இதே ஒலியால் குறிக்கிறார். அதைக் கேட்ட தலைவி, விடியலால் காதலரைப் பிரிய நேருமே என்று கலங்குகிறாள். பாடலாசிரியர் அச்செய்யுளை நினைத்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் இனிய ஒலியும் பிரிவுத் துயரும் அடுத்தடுத்து நிற்பது தமிழுக்குப் புதிதன்று.

ஒப்பாரியும் ஆட்டமும்

பந்தலில் தொங்கும் பாவற்காயைப் பாடும் பகுதி ஒப்பாரி மெட்டில் அமைந்தது. காய்கறிப் பாட்டாகக் கேட்பவர்கள், அங்கே விதை என்பது பெற்றோர் விட்டுச்சென்ற பிள்ளை என்பதைத் தவறவிடுகின்றனர்.

துயரத்தை ஆட்டப்பாட்டாக்கியது தவறு என்னும் குறையும் கூறப்பட்டது. நிறைவாழ்வு வாழ்ந்தவரின் இறப்பைக் 'கல்யாணச் சாவு' என்பது நம் வழக்கு. அவ்வீட்டில் பெண்கள் மாரடித்துப் பாட, வாசலில் பறைக்கு ஆடுவர். அழுகையும் ஆட்டமும் அங்கே ஒன்றையொன்று மறுப்பதில்லை. எனவே அக்குறை பொருந்தாது.

மதிப்பீடு

2022 சூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடல் அறிவு இல்லாமல் மேடையேறியது. அதன்பின் பாடலின் ஆக்கத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது குறித்து அவரும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்கள் அளித்தனர். விவாதம் பொருளிலிருந்து உரிமைக்கு மாறியது. எனினும் இரண்டும் தொடர்புடையவை. உழைத்தவரின் பெயர் மறைவதைப் பற்றிய பாடலில் பெயர் பற்றிய கேள்வி எழுவது இயல்பே.

தாளத்தை மட்டும் கேட்டால் இது நல்ல ஆட்டப்பாட்டு. சொல்லையும் சேர்த்துக் கேட்போருக்கு வள்ளியம்மாள் தலைமுறையின் வரலாறும் கிடைக்கிறது.