பசுமை நகரத்தின் கணக்கு எங்கே தொடங்குகிறது?

ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில், மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் செல்லும் இரண்டாம் பாலத்துக்கு அருகே, கடலைத் தூர்த்த நிலத்தில் உயர்மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. இதுதான் ஃபாரஸ்ட் சிட்டி. சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனம் 60 விழுக்காடும், ஜொகூர் மாநிலத்தின் எஸ்பிளனேட் டங்கா 88 நிறுவனம் 40 விழுக்காடும் பங்கு கொண்ட திட்டம். நான்கு செயற்கைத் தீவுகளில் ஏழு லட்சம் பேரைக் குடியமர்த்தும் பசுமை நகரம் என்று அறிவித்தார்கள். இன்று ஒரு தீவின் ஒரு பகுதிதான் எழும்பியிருக்கிறது. அதிலும் பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரிவதில்லை. அயல்நாட்டில் நகரம் கட்டும் பன்னாட்டு நிறுவனங்களின் பொறுப்பை எடைபோட இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வாகனங்களைக் கீழ்த்தளத்துக்கு ஒதுக்கி, மேல்தளத்தை நடப்பவர்களுக்கும் பூங்காவுக்கும் விட்டது சரியான சிந்தனை. சுவர்களிலும் மாடங்களிலும் செடி வளர்ப்பது வெப்பத்தைத் தணிக்கும். கட்டட உறுப்புகளைத் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவதால் கட்டுமானக் கழிவு குறையும். வீடு, கடை, பள்ளி எல்லாம் நடக்கும் தூரத்தில் அமையும் நெருக்கமான நகரம் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பதும் உண்மை. வரைபடத்தில் குறை சொல்ல அதிகமில்லை.

குறை, கணக்கை எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதில் இருக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. கடலைத் தூர்க்க மணல் அள்ளுவது, கம்பியும் சிமெண்டும் கொண்டு கோபுரம் எழுப்புவது எல்லாம் முதல் குடும்பம் குடிவருமுன்பே செலவாகிவிடும் கரிமம். மக்கள் பல பத்தாண்டுகள் அங்கே சிக்கனமாக வாழ்ந்தால்தான் அந்தச் செலவுக்கு நியாயம் கிடைக்கும். இங்கோ வீடுகள் பெரும்பாலும் சீன முதலீட்டாளர்களை நம்பிக் கட்டப்பட்டன. 2017இல் பணம் வெளிநாடு செல்வதைச் சீனா இறுக்கியது. 2018இல் மலேசியப் பிரதமர் மகாதீர் வெளிநாட்டவருக்கு வீடு விற்பதை எதிர்த்தார். 2023இல் கன்ட்ரி கார்டனே கடனைக் கட்ட முடியாமல் தவித்தது. ஆளில்லாத கட்டடத்தில் எத்தனை செடி வளர்த்தாலும் அதைக் குறைந்த கரிம நகரம் என்று சொல்ல முடியாது.

கரையோர மக்களின் இழப்பு இன்னும் கனமானது. தஞ்சோங் குப்பாங் பகுதியை ஒட்டிய மெராம்போங் கடற்புல் திட்டு, கடற்குதிரைக்கும் கடற்பசுவுக்கும் புகலிடம். நீர் வற்றும் வேளையில் கிராமத்து மக்கள் அதில் இறங்கி நடந்து சங்கும் சிப்பியும் பொறுக்குவார்கள். ஓராங் செலெத்தார் பழங்குடியினருக்கும் இந்த நீர்ப்பரப்புதான் வாழ்க்கை. கடற்புல் தன் வேரடிச் சேற்றில் கரிமத்தைப் புதைத்து வைக்கும் தாவரம். அதன்மேல் மணலைக் கொட்டிவிட்டுக் கரிமத்தைக் குறைக்கும் நகரம் கட்டுகிறோம் என்பது அடிப்படையிலேயே முரண். 2014இல் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கிய பிறகு, சிங்கப்பூர் கவலை தெரிவித்த பின்னர்தான் விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு நடந்தது. 2015 தொடக்கத்தில் நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது. அண்டை அரசின் கேள்விக்கு இருந்த வலிமை, உள்ளூர் மீனவரின் கேள்விக்கு இருக்கவில்லை.

சமூகப் பொறுப்பு என்றதும் நன்கொடையும் உதவித்தொகையும் நினைவுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. 2011இல் ஐ.நா. ஏற்ற வணிகமும் மனித உரிமையும் குறித்த வழிகாட்டும் நெறிகள் வேறு வரிசையைச் சொல்கின்றன: முதலில் தீங்கு செய்யாதிருத்தல், நேர்ந்துவிட்டால் ஈடு செய்தல். மீன்பிடித் தளத்தை இழந்தவருக்கு ஒருமுறை கொடுக்கும் பணம், தலைமுறை தலைமுறையாக வந்த வருமானத்துக்கு ஈடாகாது.

வேறு வழி இருந்தது. 2007இல் சீனாவும் சிங்கப்பூரும் ஒப்பந்தமிட்ட தியான்ஜின் சுற்றுச்சூழல் நகரம், விளைநிலத்தைத் தொடாமல் உப்பளத்தையும் தரிசையும் தேர்ந்தெடுத்தது. நச்சுக் கழிவுநீர்க் குட்டையைத் தூய்மைப்படுத்தி ஏரியாக்கியது. 26 குறியீடுகளை முன்கூட்டியே வகுத்து, வீடுகளில் 20 விழுக்காட்டை அரசு மானிய வீடுகளாக ஒதுக்கச் சொன்னது. அதுவும் பழுதற்றதல்ல. மூன்றரை லட்சம் மக்கள் என்ற இலக்கை உரிய காலத்தில் எட்டவில்லை. கரிம வரம்பைப் பொருளாதார உற்பத்தியோடு பிணைத்ததால், உற்பத்தி பெருகும்போது மொத்த வெளியேற்றமும் பெருக இடமுண்டு. ஆனாலும் இலக்குகள் எழுத்தில் இருப்பதால்தான் அதன் தோல்வியையும் நம்மால் அளக்க முடிகிறது.

ஃபாரஸ்ட் சிட்டியைச் சிறப்பு நிதி மண்டலமாக்கும் திட்டத்தை மலேசிய அரசு 2023இல் அறிவித்தது. வரிச் சலுகையோடு புதிய நிறுவனங்கள் அழைக்கப்படுகின்றன. சலுகை தரும் கை நிபந்தனையும் விதிக்கலாம். புதிய தீவு வேண்டாம், இருக்கும் காலி வீடுகளை முதலில் நிரப்புங்கள். அவற்றில் ஒரு பங்கை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டும் விலையில் கொடுங்கள். எஞ்சிய கடற்புல்லைக் காக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டுமானக் கரிமத்தையும் சேர்த்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மேற்பார்வைக் குழுவில் மீனவருக்கு இடம் கொடுங்கள். இவற்றுக்கு உடன்படாத நிறுவனத்துக்கு வரிச் சலுகை பெறும் தகுதி இல்லை.