சிலம்பும் ஏலமும்

அணிகலனை விற்பதற்கு அதன் வரலாறும் சான்றாக வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை நன்கு உணர்த்தும். கோவலன் கொணர்ந்த சிலம்பு எவருடையது என ஆராயாது பாண்டியன் தீர்ப்பளித்தான். மாணிக்கப் பரல்கள் உண்மையைக் காட்டியபோது காலங் கடந்துவிட்டது. இன்றைய ஏல நிறுவனங்கள், ஒரு பொருள் எவரெவர் கைமாறி வந்தது என்பதைப் பட்டியலிற் பொறித்தல் இக்குறையை நீக்கும் முயற்சியே எனலாம்.

ஆயின், உடைமை வரலாறு மட்டும் அமையுமா? 1898இல், உத்தரப்பிரதேசத்துப் பிப்ரவாவில் வில்லியம் பெப்பே அகழ்ந்த தூபியில், புத்தருடையனவாகக் கருதப்படும் தாதுக்களுடன் மணிகளும் கிடைத்தன. அவற்றுள் ஒரு பகுதியை அன்றைய ஆட்சியாளர் அவருக்கே விட்டனர். அவர் வழித்தோன்றல்களிடமிருந்த அம்மணிகளைச் சோத்பிஸ் நிறுவனம் 2025 மே மாதத்தில் ஹொங்கொங்கில் ஏலமிட முனைந்தது. கைமாறிய வரலாறு தெளிவாகவே இருந்தது. எனினும், இந்திய அரசு எதிர்த்தமையால் ஏலம் ஒத்திவைக்கப்பட்டது. கோத்ரெஜ் குழுமத்தின் துணையால் யூலையில் மணிகள் இந்தியாவுக்கு மீண்டன.

சிலம்பு அணிவதற்கென ஆக்கப்பட்டது. உடையவர் அதனை விற்றல் தகும். தூபியிலிட்ட மணியோ காணிக்கை. இட்டவர் மீளப்பெறக் கருதி இட்டாரல்லர். ஆதலின், ஏலத்தில் வாங்குவோர் ‘எவருடையது’ என வினவுவதோடு அமையாது, ‘எதன்பொருட்டு அளிக்கப்பட்டது’ எனவும் வினவுதல் வேண்டும்.