மடல்களும் முகங்களும்

பிரெஞ்சுப் புரட்சிக்கு ஏழாண்டுகள் முன்னர், 1782ஆம் ஆண்டில், பீரங்கிப் படை அதிகாரியான லக்லோ என்பார் நாவல் ஒன்றை வெளியிட்டார். 'ஆபத்தான உறவுகள்' என்பது அதன் பெயரின் பொருள். 175 மடல்களால் ஆயது அந்நூல். மெர்த்தேய் எனும் கைம்பெண் சீமாட்டியும் வால்மோன் எனும் பிரபுவும் பிறர் மானத்தைப் பணயம் வைத்தாடும் சூதே கதை. கன்னிமாடத்தை விட்டு அண்மையில் வெளிவந்த செசில் என்னும் சிறுமியும், இறையச்சமும் கணவர்பால் பற்றும் மிக்க துர்வேல் அம்மையாரும் அச்சூதுக்கு இரையாகின்றனர்.

இக்கதையைத் திரைக்குக் கொணர்ந்தோருள் இருவரை ஈண்டு ஒப்பிடுவோம். ஸ்டீபன் ஃபிரியர்ஸ் 1988இல் எடுத்த படம் மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. மிலோஸ் ஃபோர்மன் 'வால்மோன்' என்ற பெயரில் 1989இல் எடுத்தார்.

மாளிகையும் பட்டாடையும் கண்ணை மயக்க, தீமையும் அழகாகிவிடும். ஆதலால் இத்தகைய படங்களை ஒதுக்குவதே நன்று என்பார் உளர். அக்கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், தீமைக்குரிய விலையைச் செலுத்துவோர் யாவர் என்பதைப் படம் மறைக்கிறதா, காட்டுகிறதா என்றே நாம் முதற்கண் வினவுதல் வேண்டும்.

ஃபிரியர்ஸ் மறைக்கவில்லை. விலைமகள் ஒருத்தியின் முதுகையே மேசையாக்கி, துர்வேல் அம்மையாருக்குக் காதல் மடல் வரைகிறான் வால்மோன். அதன் சொற்கள் இருபொருள் படுவன. சிலேடை புலவர்க்கு அணி. இவனுக்கோ பிறரை இழிவு செய்யும் கருவி. பின்னர் அவ்வம்மையாரைக் கைவிடும் கட்டம். நாவலில், மெர்த்தேய் வகுத்துத் தந்த மடலைப் படியெடுத்து அனுப்பிவிடுகிறான். படத்திலோ நேரில் சென்று, "என் வசத்தில் இல்லை" என்னும் ஒரே சாக்கைத் திரும்பத் திரும்பக் கூறுகிறான். தான் உண்மையாகவே நேசித்த ஒருவரை வீம்புக்காக அழிப்பவனின் முகத்தை அங்கே காண்கிறோம். மடலில் காணவியலாத அம்முகத்தைக் காட்டியது திரைக்கலையின் பேறு.

வாட்போரில் வீழ்ந்த வால்மோன், சாகுமுன் மெர்த்தேயின் மடல்களைப் பிறர் கையில் ஒப்புவிக்கிறான். பிறரை வீழ்த்த அவள் எழுதியவையே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆகின்றன. நாவலாசிரியர் அம்மை நோயால் அவள் முகத்தைச் சிதைத்து, ஒரு கண்ணையும் பறித்தார். ஃபிரியர்ஸுக்கு நோய் வேண்டியிருக்கவில்லை. இசையரங்கில் கூட்டம் அவளை இகழ்ந்து கூவுகிறது. வீடு திரும்பி, கண்ணாடி முன் அமர்ந்து ஒப்பனையைத் துடைக்கிறாள். கிளென் குளோஸின் நடிப்பு இங்கு உச்சத்தை எட்டுகிறது.

ஃபோர்மனின் படம் ஒளியும் இளமையும் நிறைந்தது. செசில் உண்மையிலேயே சிறுமியாகத் தோன்றுவது அதன் சிறப்பு. ஆனால் அச்சிறுமிக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குறும்பு போல் கடந்து செல்வதை நாம் ஏற்பதற்கில்லை. துர்வேல் அம்மையார் கணவரிடம் மீள்கிறார். செசில் வால்மோனின் கருவைச் சுமந்தபடி வேறொருவரை மணக்கிறாள். மெர்த்தேய் தனிமையுறினும், ஊரறிய அம்பலமாவதில்லை. இரக்கம் என எண்ணி இயக்குநர் செய்த இம்மாற்றங்கள், இரையானோரின் துயரையே சிறிதாக்கிவிட்டன.

ஃபிரியர்ஸின் படமும் சிறார்க்கு உரியதன்று. அதில் பெற்றோர் ஐயுற வேண்டா. வயது வந்த மக்களோடு இதனைக் குறித்து உரையாட விழையும் பெற்றோர், முதலில் தாம் தனித்துக் கண்டு தெளிதல் நலம். இனிய சொல்லைக் கேட்டவுடன் மகிழாமல், சொல்பவன் நோக்கத்தை ஆராயும் பழக்கத்தை அவ்வுரையாடல் வளர்க்குமாயின், படம் கண்ட பொழுது வீணாகாது.